மலிவு ஃபிரேமில் சைக்ளோகிராஸ் சைக்கிள் கட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேறு, புல், மணல் எல்லாம் வரும் சுற்றில் நடக்கும் சைக்ளோகிராஸ் பந்தயத்துக்கான ஒரு ஃபிரேமை மலிவாக வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு "இதுல என்னென்ன போடலாம்?" என்று கேட்பவர்கள் நிறையப் பேர். ஆள் மாறினாலும் சந்தேகம் மாறுவதில்லை. அதனால் கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளை வைத்து, ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதியிருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால்.

சைக்ளோகிராஸ்னா ரோடு சைக்கிள்ல தடிச்ச டயர் போடுறதுதானே?

பார்வைக்கு அப்படித்தான் இருக்கும். அதே வளைந்த ஹேண்டில்பார், அதே 700சி (ரோடு சைக்கிளின் வழக்கமான அளவு) சக்கரம். வித்தியாசம் இடைவெளியில் இருக்கிறது. பழைய ரோடு ஃபிரேம்கள் பலவற்றில் 28 மி.மீ. டயரே உரசும். சைக்ளோகிராஸ் ஃபிரேமை 33 மி.மீ. பட்டன் டயரையும் அதன்மேல் அப்பிக்கொள்ளும் சேற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் வடிவமைக்கிறார்கள்.

பந்தயம் நடக்கும் விதத்தைப் பார்த்தால் மற்றதும் புரிந்துவிடும். ஒரு சுற்று 2.5 முதல் 3.5 கி.மீ. வரை இருக்கும். புல், சேறு, மணல், மேடு என்று எல்லாம் வரும். நடுவில் 40 செ.மீ. வரை உயரமுள்ள தடுப்புப் பலகைகள் நிற்கும். இறங்கி, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஓடி, மறுபடி ஏற வேண்டும். அதனால்தான் பல சைக்ளோகிராஸ் ஃபிரேம்களில் மேல்குழாயின் அடிப்பக்கத்தில் கேபிள் ஓடாது. தோளில் வைக்கும் இடம் அது. கீழ்க்குழாயின் அடியிலும் கேபிள் இருக்காது, அங்கேதான் சேறு முதலில் அடிக்கும்.

அப்போ கிராவல் சைக்கிளும் இதுவும் ஒண்ணா?

உறவுக்காரர்கள். கிராவல் சைக்கிள் நீண்ட தூரம் நிதானமாக ஓட்டுவதற்கானது. முன், பின் சக்கரங்களுக்கு நடுவே நீளம் அதிகம், பாட்டம் பிராக்கெட் (பெடல்களின் அச்சு சுற்றும் இடம்) தாழ்வு, 40 மி.மீ.க்கு மேலும் டயர் ஏறும். சைக்ளோகிராஸ் குறுகிய வளைவில் சட்டென்று திரும்பும், பெடல் தரையிலிருந்து சற்று உயர்ந்து நிற்கும்.

பந்தயத்துக்குப் போகும் எண்ணம் இல்லையென்றால், மலிவாகக் கிடைப்பது எதுவோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்வதில் முக்கால்வாசி இரண்டுக்கும் பொருந்தும். சர்வதேச சைக்கிள் சம்மேளனமான யூசிஐ நடத்தும் பந்தயங்களில் டயர் 33 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. உள்ளூர்ப் பந்தயங்களில் இந்த விதியைத் தளர்த்துவது உண்டு, சேரும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

முழு சைக்கிளா வாங்குறதைவிட ஃபிரேம் வாங்கிக் கட்டுனா காசு மிச்சமாகுமா?

எல்லாப் பாகமும் புதிதாக வாங்கினால் மிச்சமாகாது. தயாரிப்பாளர் மொத்தமாக வாங்கும் விலை உங்களுக்குக் கிடைக்காது. ஏற்கெனவே வீட்டில் ஒரு பழைய சைக்கிள் நின்று, அதிலிருந்து சக்கரம், கிராங்க் (பெடல் மாட்டும் கை), ஷிஃப்டர் (கியர் மாற்றும் லீவர்) என்று பாதியாவது எடுக்க முடிந்தால்தான் கணக்கு உங்கள் பக்கம் திரும்பும்.

இன்னொரு காரணம் உண்டு. தானே கட்டியவருக்கு எந்த போல்ட் எங்கே இருக்கிறது என்று தெரியும். சேற்றில் ஓட்டும் சைக்கிளை அடிக்கடி பிரித்து மாட்ட வேண்டியிருக்கும் என்பதால், இந்த அறிவு மற்ற சைக்கிள்களைவிட இதில் அதிகம் பயன்படும்.

மலிவு ஃபிரேம் வாங்கும்போது எதைப் பார்க்கணும்? எடையா?

எடையைக் கடைசியில் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியது அளவுகள். ஒரு ஃபிரேம் ஏன் மலிவாக வருகிறது? பெரும்பாலும் அதன் பாட்டம் பிராக்கெட்டோ ஹெட்செட்டோ (ஃபோர்க் திரும்ப உதவும் பேரிங்) பின்சக்கரம் மாட்டும் இடத்தின் அகலமோ இப்போது புழக்கத்தில் இல்லாத அளவாக இருக்கும். அதற்குப் பொருந்தும் பாகத்தைத் தேடி அலைந்து, ஃபிரேமின் விலையைவிட அதிகம் கொடுத்து வாங்குவீர்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான்.

வாங்கும் முன் ஒரு வெர்னியர் காலிப்பரோடு போய் இவற்றை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பாட்டம் பிராக்கெட் கூட்டின் அகலமும் உள்விட்டமும். உள்ளே மரை இருக்கிறதா, வழவழப்பாக இருக்கிறதா என்பதும். தலைக்குழாயின் மேல், கீழ் உள்விட்டங்கள். சீட்போஸ்ட் விட்டம், 27.2 மி.மீ. என்றால் கவலையில்லை, எங்கும் கிடைக்கும். பின் டிராப்அவுட்டுகளுக்கு (சக்கர அச்சு உட்காரும் இடங்கள்) இடையே உள்ள அகலம்: ரிம் பிரேக் (சக்கர விளிம்பைக் கவ்வுவது) ஃபிரேம் என்றால் பெரும்பாலும் 130, டிஸ்க் (சக்கர நடுவில் உள்ள தட்டைக் கவ்வுவது) என்றால் குயிக் ரிலீஸுக்கு (லீவரால் இறுக்கும் மெல்லிய அச்சு) 135, துரு ஆக்ஸிலுக்கு (ஃபிரேமில் திருகி ஏற்றும் தடித்த அச்சு) 142 மி.மீ. கடைசியாக, பின்பக்கம் செயின்ஸ்டேகளுக்கு (பாட்டம் பிராக்கெட்டிலிருந்து பின்சக்கர அச்சுக்குப் போகும் குழாய்கள்) நடுவே டயர் வரும் இடத்தின் அகலம். அங்கே குறைந்தது 45 மி.மீ. இருந்தால் 33 மி.மீ. டயருக்கு இருபுறமும் 6 மி.மீ. மிஞ்சும். அதைவிடக் குறைந்தால் ஈரக் களிமண்ணில் சக்கரம் சுற்றாமல் நின்றுபோகும்.

இத்தனையும் புழக்கத்தில் உள்ள அளவாக இருந்தால், கால் கிலோ அதிக எடை ஒரு பொருட்டே இல்லை.

பழைய ஃபிரேம் வாங்கலாமா? விரிசல் எங்கே பார்க்கணும்?

தாராளமாக வாங்கலாம், துடைத்துவிட்டுப் பாருங்கள். சேறு பூசிய நிலையில் யாராவது விற்றால் அவரையே கழுவச் சொல்லுங்கள். அலுமினியத்தில் விரிசல் வெல்டிங் ஓரத்தில்தான் தொடங்கும்: தலைக்குழாயும் கீழ்க்குழாயும் சேரும் இடம், பாட்டம் பிராக்கெட்டைச் சுற்றி, சீட்குழாயின் மேல்நுனியில் இருக்கும் வெட்டின் அடி. பெயிண்ட்டில் மயிரிழை போன்ற கோடு இருந்தால் நகத்தால் குறுக்கே தேய்த்துப் பாருங்கள். நகம் மாட்டினால் வேண்டாம்.

ஸ்டீலில் துருதான் எதிரி. சீட்போஸ்டை உருவி, ஃபிரேமைக் கவிழ்த்துத் தட்டுங்கள். துருத் தூள் கொஞ்சம் விழுந்தால் பரவாயில்லை, செதில் செதிலாக விழுந்தால் விட்டுவிடுங்கள். சீட்போஸ்ட் அசையவே மாட்டேன் என்கிறதா? ஸ்டீலுக்குள் அலுமினியம் பிடித்துக்கொண்டால் எடுப்பது பெரிய பாடு. அந்த ஃபிரேமை இலவசமாகக் கொடுத்தாலும் யோசிக்க வேண்டும்.

அலுமினியமா, ஸ்டீலா?

இந்த விலையில் அளவும் இடைவெளியும் சரியாக இருப்பது எதுவோ அது. சொகுசு ஓட்டத்தை ஃபிரேம் உலோகத்தைவிடக் குறைந்த காற்று உள்ள டயர்தான் அதிகம் தருகிறது. ஸ்டீலை மட்டும் வளைத்துச் சரிசெய்ய முடியும். இது பின்னால் ஒரு கேள்வியில் வேலைக்கு வரும்.

ஃபிரேம் மட்டும்தான் கிடைச்சுது, ஃபோர்க் இல்ல. ரோடு ஃபோர்க் போடலாமா?

வேண்டாம். டயர் நுழையாது என்பது ஒரு காரணம். இன்னொன்று உயரம். சக்கர அச்சிலிருந்து ஃபோர்க் தலை வரையான நீளம் சைக்ளோகிராஸ் ஃபோர்க்கில் 395 மி.மீ. அளவில் இருக்கும், ரோடு ஃபோர்க்கில் 370 பக்கம். முன்பக்கம் 20 மி.மீ. இறங்கினாலே தலைக்குழாயின் சாய்வு ஏறக்குறைய 1 பாகை நிமிர்ந்துவிடும். ஹேண்டில் படபடவென்று திரும்பும், பெடலும் தரைக்கு நெருங்கும். மலை சைக்கிளின் சஸ்பென்ஷன் ஃபோர்க் இதற்கு நேர்மாறு, முன்பக்கத்தை அண்ணாந்து பார்க்க வைத்துவிடும்.

ஃபோர்க்கிலிருந்து தலைக்குழாய்க்குள் போகும் ஸ்டியரர் குழாயையும் பாருங்கள். நேர்க்குழாய் என்றால் மேலும் கீழும் 28.6 மி.மீ. டேப்பர் (கீழே அகன்றது) என்றால் கீழே சுமார் 38 மி.மீ. உங்கள் தலைக்குழாயின் உள்விட்டம் மேலும் கீழும் 44 மி.மீ. என்றால் யோகம்: கீழே வெளிக்கிண்ணம் போட்டு டேப்பர் ஃபோர்க்கும் மாட்டலாம், நேர் ஃபோர்க்கும் மாட்டலாம். 34 மி.மீ. என்றால் நேர் ஃபோர்க் மட்டும்தான்.

டிஸ்க் பிரேக் கட்டாயமா? கேண்டிலீவர் பத்தாதா?

யூசிஐ சைக்ளோகிராஸில் டிஸ்க்கை அனுமதித்ததே 2010-ல்தான். அதுவரை உலகச் சாம்பியன்கள் எல்லாரும் ரிம் பிரேக்கில்தான் ஜெயித்தார்கள். ஆகவே கட்டாயம் இல்லை. கேண்டிலீவர், சுருக்கமாகக் கேண்டி, என்பது இரு பக்கக் கைகளை நடுவில் ஒரு கேபிள் இழுத்து ரிம்மைக் கவ்வும் பிரேக். பலரும் டிஸ்க்குக்கு மாறிவிட்டதால் கேண்டி ஃபிரேம்கள் இன்று மலிவாகக் கிடைக்கின்றன. ஒரே குறை, சேறு கலந்த தண்ணீர் ரிம்மை அரைக்கும். ஈரத்தில் பிடி தாமதமாக வரும்.

இரண்டும் ஒரே விலைக்குக் கிடைத்தால் டிஸ்க் ஃபிரேமை எடுங்கள். கேபிளில் இயங்கும் டிஸ்க் போதும். இரண்டு பேடும் (தட்டைக் கவ்வும் கட்டைகள்) சேர்ந்து நகரும் வகை (டிஆர்பி ஸ்பயர் போன்றது) சரிசெய்யச் சுலபம். ஒரு பேட் மட்டும் நகரும் வகை (ஏவிட் பிபி7 போன்றது) நன்றாகவே பிடிக்கும், தேய்மானத்துக்கேற்ப அசையாத பேடைக் கையால் திருகி முன்னே கொண்டுவர வேண்டும். பிபி7 வாங்கும்போது ரோடு வகையா மலை வகையா என்று பாருங்கள், காரணம் வி-பிரேக் கேள்வியில் வருகிறது. ஃபிரேமில் பிரேக் காலிப்பர் (பேடுகள் உள்ள பாகம்) உட்காரும் முகத்தில் பெயிண்ட் திட்டாக இருந்தால் அதைச் சமமாகச் சீவியெடுத்த பிறகு மாட்டுங்கள். மலிவு ஃபிரேமில் டிஸ்க் உரசுவதற்குப் பாதி நேரம் அதுதான் காரணம். சேற்றுக்குச் சின்டர் செய்த உலோக பேட் நல்லது, ரெசின் பேட் சீக்கிரம் கரைந்துவிடும்.

கேண்டி பிரேக் பிடிச்சா முன்பக்கம் தடதடன்னு நடுங்குது. ஹெட்செட் போச்சா?

ஹெட்செட்டை முதலில் பார்த்துவிடுங்கள். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டும்போது, ஹெட்செட்டின் மேல் வைத்த விரலில் 'டக்' தெரிந்தால் ஸ்டெம்மைத் தளர்த்தி மேல் போல்ட்டை முறுக்க வேண்டும். பெரும்பாலும் அங்கே கோளாறு இருக்காது.

என்ன நடக்கிறதென்றால், பிரேக் கேபிளின் அவுட்டர் வந்து நிற்கும் கொக்கி மேலே ஹெட்செட் பக்கத்தில் இருக்கிறது. பிரேக் கட்டை ரிம்மைக் கவ்வியதும் ஃபோர்க்கின் கால்கள் பின்னால் வளைகின்றன. கொக்கி அசையாமல் நிற்க, பிரேக் மட்டும் விலகிப் போவதால் கேபிள் தானாக இன்னும் இறுகுகிறது. பிரேக் இன்னும் கவ்வ, ஃபோர்க் இன்னும் வளைய, ஒரு கட்டத்தில் ரிம் வழுக்கி ஃபோர்க் முன்னால் துள்ளுகிறது, கேபிள் தளர்கிறது. அடுத்த நொடியே முதலிலிருந்து. இந்தச் சுழற்சி வேகமாக நடப்பதைத்தான் நடுக்கமாக உணர்கிறீர்கள்.

மருந்து: கொக்கியை ஃபோர்க் தலையிலேயே மாட்டுவது. ஃபோர்க் தலையின் நடுவில் துளை இருந்தால் அதற்கென்றே சிறு கொக்கி கிடைக்கும். ஃபோர்க்கோடு சேர்ந்து அதுவும் நகர்வதால் கேபிள் இறுகும் தூரம் மிகவும் குறைந்துவிடும். துளை இல்லையென்றால் மினி வி-பிரேக்குக்கு மாறலாம், அதற்கு மேலே கொக்கியே தேவையில்லை. பிரேக் கட்டையின் முன்நுனி முதலில் ரிம்மைத் தொடும்படி லேசாகச் சாய்த்து வைப்பது கிறீச் சத்தத்துக்கு உதவும், பெரிய நடுக்கத்துக்குப் போதாது.

எம்டிபி (மலை சைக்கிள்) வி-பிரேக் சும்மா கிடக்கு. அதையே போட்டா என்ன?

கேண்டிக்கும் வி-பிரேக்குக்கும் ஃபிரேமில் உள்ள ஆணி ஒரே வகைதான், மாட்ட வரும். ஆனால் ரோடு பிரேக் லீவர் இழுக்கும் கேபிள் நீளம் குறைவு, வி-பிரேக் கேட்பது அதிகம். கட்டையை ரிம்முக்கு ஒட்டினாற்போல் வைக்காவிட்டால், லீவர் ஹேண்டில்பாரில் முட்டிய பிறகும் முழுப் பிடி வராது. ஒட்டி வைத்தாலோ சேற்றுக்கு இடம் இல்லை.

வழி, 80 முதல் 90 மி.மீ. கை நீளமுள்ள மினி வி-பிரேக். வழக்கமான வி-பிரேக்கில் அது 100 மி.மீ.க்கு மேல். டிஸ்க் காலிப்பரிலும் இதே பிரிவு உண்டு. மலை வகை, ரோடு வகை என்று தனித்தனியாக விற்பது இந்தக் கேபிள் நீளத்துக்காகத்தான். ரோடு லீவருக்கு ரோடு வகை.

பாட்டம் பிராக்கெட் என்ன வகைன்னே தெரியல. பழசைக் கழற்றவும் வரல.

உள்ளே மரை இருந்து கூடு 68 மி.மீ. அகலம் என்றால் பிஎஸ்ஏ, அதிகம் கிடைப்பதும் நம்பகமானதும் அதுவே. மரையோடு 70 மி.மீ. என்றால் இத்தாலிய வகை. மரை இல்லாமல் வழவழப்பாக இருந்தால் அழுத்தி ஏற்றும் வகை: உள்விட்டம் 42 மி.மீ. என்றால் பிபி30, 46 என்றால் பிரஸ்ஃபிட்30, 41 என்றால் பிபி86. இவற்றில் எதையும் பயன்படுத்தலாம். ஆனால் கூட்டின் துளை துல்லியமாகக் கடையப்படாத மலிவு ஃபிரேமில் அழுத்தி ஏற்றும் வகை சத்தம் போடும். இரண்டு ஃபிரேமுக்கு நடுவே முடிவெடுக்க முடியாமல் நின்றால், மரையுள்ளதைத் தேர்ந்தெடுங்கள்.

கழற்ற வரவில்லை என்பவர்களில் பலர் திசையை மாற்றித் திருகுகிறார்கள். பிஎஸ்ஏ-யில் வலப்பக்கக் கிண்ணம் இடமரை, கடிகார திசையில் சுற்றினால்தான் கழலும். இடப்பக்கம் வழக்கமான மரை. இத்தாலிய வகையில் இரண்டு பக்கமும் வழக்கமான மரைதான். திசை சரியாக இருந்தும் அசையவில்லையென்றால் ஊடுருவும் எண்ணெய் விட்டு இரவு முழுக்க ஊறவிடுங்கள். புதிதை ஏற்றும்போது மரையில் ஒட்டிய பெயிண்ட்டைச் சுத்தம் செய்து, கிரீஸ் தாராளமாகத் தடவி, முதல் சில சுற்றுகளைக் கையால் ஏற்றுங்கள். கையால் போகாமல் ஸ்பேனர் தேடினால் மரை மாறி ஏறுகிறது என்று அர்த்தம்.

முன்னாடி ஒரு செயின்ரிங்கா, ரெண்டா?

செயின்ரிங் என்பது பெடலோடு சுற்றும் முன் பல்சக்கரம். பட்ஜெட் கட்டுமானத்துக்கு ஒன்று. முன் டீரெய்லரும் (செயினை வேறு பல்சக்கரத்துக்குத் தள்ளும் பாகம்) அதன் கேபிளும் செலவில் குறையும், சேறு அடைக்கும் இடமும் ஒன்று குறையும். பல சைக்ளோகிராஸ் ஃபிரேம்களில் முன் டீரெய்லர் கேபிள் மேலிருந்து வருவதால், ரோடு டீரெய்லர் போட சீட்குழாயில் ஒரு சிறு கப்பி வேண்டும் என்ற தொல்லையும் தீரும்.

கணக்கைப் பாருங்கள். 33 மி.மீ. டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.1 மீட்டர் போகும். முன்னால் 40 பல், பின்னால் 11 பல் வைத்து நிமிடத்துக்கு 90 முறை மிதித்தால் மணிக்கு சுமார் 41 கி.மீ. புல்வெளியில் அதற்குமேல் என்ன வேண்டும்? பின்னால் 36 பல்லில் வைத்து நிமிடத்துக்கு 60 முறை மிதித்தால் மணிக்கு 8 கி.மீ.க்குச் சற்று மேல். அதைவிட மெதுவாக ஏற வேண்டிய மேடு என்றால் இறங்கி ஓடுவதே வேகம். அன்றாடம் சாலையில் நீண்ட தூரமும் போகிறவருக்கு மட்டும் இரண்டு செயின்ரிங் நியாயம்.

ஒற்றை ரிங் போட்டால் பற்கள் ஒன்று தடிமன் ஒன்று மெல்லியது என்று மாறி மாறி வரும் நாரோ-வைடு வகையாகவே வாங்குங்கள். பின் டீரெய்லரில் கிளட்ச் (செயின் துள்ளாமல் இறுக்கிப் பிடிப்பது) இருந்தால் செயின் கழலுவது அபூர்வம். வாங்கும் முன் செயின்ஸ்டேயில் ரிங் முட்டாமல் இருக்குமா என்று அளந்துகொள்ளுங்கள், சில ஃபிரேமில் 42 பல்லே உரசும்.

ரோடு ஷிஃப்டரோட எம்டிபி பின் டீரெய்லர் வேலை செய்யுமா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது, காசை அதிகம் வீணாக்குவதும் இதுதான். ஷிஃப்டர் ஒரு கிளிக்குக்கு எவ்வளவு கேபிளை இழுக்கிறது, அந்த இழுப்புக்கு டீரெய்லர் எவ்வளவு நகர்கிறது என்ற இரண்டும் ஒத்துப்போக வேண்டும். பெட்டியில் எழுதியிருக்கும் ஸ்பீடு (பின்னால் உள்ள பல்சக்கரங்களின்) எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது.

ஷிமானோவின் பழைய 8, 9 ஸ்பீடு என்றால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை, ரோடும் மலையும் ஒரே கணக்கு. 9 ஸ்பீடு சோரா (ஷிமானோவின் ரோடு வரிசை) ஷிஃப்டருக்கு அதே காலத்து 9 ஸ்பீடு மலை டீரெய்லர் அப்படியே ஓடும். 10 ஸ்பீடில்தான் வம்பு. 10 ஸ்பீடு ரோடு ஷிஃப்டருக்கு 10 ஸ்பீடு மலை டீரெய்லர் சேராது. வேடிக்கை என்னவென்றால் பழைய 10 ஸ்பீடு ரோடு ஷிஃப்டருக்கு 9 ஸ்பீடு மலை டீரெய்லர் சேரும். இதில் விதிவிலக்கு ஷிமானோவின் இன்னொரு ரோடு வரிசையான டியாக்ரா 4700. அது 10 ஸ்பீடாக இருந்தாலும் 11 ஸ்பீடு ரோடு கணக்கில் இழுப்பது. அதற்கும் 11 ஸ்பீடு ரோடு ஷிஃப்டர்களுக்கும் கேபிளில் இயங்கும் 10, 11 ஸ்பீடு ஜிஆர்எக்ஸ் (ஷிமானோவின் கிராவல் வரிசை) டீரெய்லர்கள் பொருந்தும், கிளட்ச்சும் கிடைக்கும். இன்னொரு தயாரிப்பாளரான ஸ்ராமில் 10 ஸ்பீடு ரோடும் மலையும் ஒன்றுக்கொன்று சேரும், 11-ல் அந்த வசதி இல்லை.

கையில் எதுவுமே இல்லாமல் தொடங்குபவருக்கு என் யோசனை 9 ஸ்பீடு. செயின், கேசட் (பின் பல்சக்கரத் தொகுதி) இரண்டும் மலிவு. சேற்றில் இரண்டும் சீக்கிரம் தேயும் என்பதை மறக்கக் கூடாது.

சக்கரம் 10 ஸ்பீடு, கேசட் 11 ஸ்பீடு. ஏறுமா?

ஷிமானோ 11 ஸ்பீடு ரோடு ஃப்ரீஹப் (பின்சக்கரத்தில் கேசட் ஏறும் பாகம்) பழையதைவிட 1.85 மி.மீ. நீளம். பழைய ஃப்ரீஹப்பில் வழக்கமான 11 ஸ்பீடு ரோடு கேசட் முழுதாக உட்காராது. 11-34 பல் ஷிமானோ கேசட்டுகள் சில இதற்கு விலக்கு: பெரிய பல்சக்கரம் ஸ்போக்ஸ் பக்கம் சாய்ந்து உட்காரும்படி செய்திருப்பதால் பழைய ஃப்ரீஹப்பிலேயே ஏறும். எதிர்த்திசையில் சிக்கல் இல்லை, 11 ஸ்பீடு ஃப்ரீஹப்பில் 8, 9 ஸ்பீடு கேசட் போட 1.85 மி.மீ. வாஷர் ஒன்று போதும், ஷிமானோ 10 ஸ்பீடு ரோடு கேசட்டுக்குப் பெரும்பாலும் அதோடு 1 மி.மீ. வாஷரும் வேண்டும்.

காசு கம்மி. எதுல கஞ்சத்தனம் பண்ணலாம், எதுல கூடாது?

டயரில் கூடாது. கைக்குத் துணிபோல மடங்கும் மெல்லிய பக்கச்சுவர் உள்ள ஒரு ஜோடி டயர், ஒரு கிலோ எடை குறைந்த ஃபிரேமைவிட அதிக வித்தியாசம் காட்டும். அடுத்தது பிரேக் கேபிளும் அவுட்டரும். பழைய துருப்பிடித்த கேபிளை மாற்றாமல் நல்ல பிரேக் வாங்குவது வீண். மூன்றாவது, ஒழுங்காகக் கோட்டம் எடுத்த சக்கரம். விலை உயர்ந்த ஹப் தேவையில்லை, தூசி மறைப்பு நன்றாக இருந்தால் போதும்.

ஹேண்டில்பார், ஸ்டெம், சீட்போஸ்ட் மூன்றிலும் சாதாரண அலுமினியமே நல்லது. விழாமல் யாரும் சைக்ளோகிராஸ் ஓட்டுவதில்லை. விழுந்த கார்பன் ஹேண்டில்பாரை நம்பி மறுபடி ஓட்ட மனம் வராது. பழையது வாங்கினால் சீட்டும் கிராங்கும் வாங்கலாம், செயினும் கேபிளும் வாங்கக் கூடாது.

காத்து எவ்வளவு வைக்கணும்? ட்யூப்லெஸ் தேவையா?

70 கிலோ எடையுள்ளவர் ட்யூப் போட்ட 33 மி.மீ. டயரில் 35 முதல் 40 பிஎஸ்ஐ வைத்துத் தொடங்கலாம். அதற்குக் கீழே போனால் கல்லிலோ வேரிலோ ரிம் இடித்து ட்யூபில் இரட்டைத் துளை விழும். ட்யூப்லெஸில் நடுவே கிள்ளுப்பட ட்யூப் இல்லை என்பதால் 25 முதல் 30 வரை இறக்கலாம். அந்த 10 பிஎஸ்ஐ ஈரப் புல்லில் வளையும்போது தெரியும். எடைக்கேற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ட்யூப்லெஸுக்கு ரிம், டயர் இரண்டுமே அதற்கென்று செய்ததாக இருக்க வேண்டும். சாதாரண ரிம்மில் டேப் சுற்றி ஒப்பேற்றினால், குறைந்த காற்றில் கூர்மையாக வளையும்போது டயர் ஓரம் விலகிப் புஸ்ஸென்று காற்று போகும். ரிம் ஒத்துவராவிட்டால் ட்யூபோடு இருங்கள்.

எந்த வரிசையில மாட்டணும்? டார்க் ஸ்பேனர் இல்லாம முடியாதா?

ஹெட்செட்டும் ஃபோர்க்கும், அப்புறம் பாட்டம் பிராக்கெட்டும் கிராங்க்கும், சக்கரம், ஹேண்டில்பாரும் லீவரும், பிரேக், பின் டீரெய்லர், செயின், கேபிள். டேப் சுற்றுவது எல்லாம் ஓட்டிப் பார்த்த பிறகு. கேபிள் போடும் முன் டீரெய்லர் தொங்கும் ஹேங்கரை நேர்ப்படுத்திக்கொள்ளுங்கள். புது ஃபிரேமிலேயே அது வளைந்து வருவது உண்டு. அது வளைந்திருந்தால் கியரை எவ்வளவு திருகினாலும் நிற்காது. கூடவே ஒரு உபரி ஹேங்கர் வாங்கி வையுங்கள். அவுட்டரை முடிந்த மட்டும் இடையில் வெட்டாமல் ஒரே நீளமாக விட்டால் சேறு உள்ளே போகாது.

செயின் நீளத்துக்கு, டீரெய்லருக்குள் விடாமல் முன் பெரிய பல்லிலும் பின் பெரிய பல்லிலும் சுற்றி, சேரும் இடத்திலிருந்து இரண்டு கண்ணி கூட்டி வெட்டுங்கள். ஸ்டியரரை மட்டும் அவசரப்பட்டு வெட்டாதீர்கள். ஸ்பேசர்களை மேலே அடுக்கி சில வாரம் ஓட்டி, உயரம் பிடித்த பிறகு, மேல் ஸ்பேசரின் விளிம்பிலிருந்து 3 மி.மீ. கீழே இருக்கும்படி வெட்டுங்கள்.

டார்க் ஸ்பேனர் இரவலாவது வாங்குங்கள். ஸ்டெம் போல்ட்டுகளுக்குப் பொதுவாக 5 நியூட்டன் மீட்டர், கேசட் வளையத்துக்கு 40, ஷிமானோவின் ஹாலோடெக் வகை இடக் கிராங்க்கின் இரு போல்ட்டுகளுக்கு 12 முதல் 14. பாகத்தின் மேலேயே எண் அச்சிட்டிருந்தால் அதுதான் வேதம்.

என் ஸ்டீல் ஃபிரேம் பின்னாடி 130. கையில இருக்கற சக்கரம் 135. இழுத்து மாட்டிடலாமா?

ஒவ்வொரு முறையும் கையால் விரித்து மாட்டுவது நல்லதல்ல, டிராப்அவுட்டுகள் இணையாக இருக்காது, அச்சு காலப்போக்கில் ஒடியும். ஸ்டீல் என்பதால் நிரந்தரமாகவே விரித்துவிடலாம்: ஒரு பக்கத்துக்கு 2.5 மி.மீ., இரு பக்கமும் சமமாக. நூல் கட்டி மையம் பார்த்து, பிறகு டிராப்அவுட்டையும் ஹேங்கரையும் நேர்ப்படுத்த வேண்டும். இதற்கு மட்டும் அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் போங்கள்.

அலுமினியத்திலும் கார்பனிலும் இதை முயலவே கூடாது. அலுமினியம் திரும்ப வளைந்து கொடுக்காது, வெல்டிங்கில் விரிசல் விடும். அங்கே மாற்ற வேண்டியது சக்கரத்தை.

எல்லாம் கட்டியாச்சு. எழுந்து நின்னு மிதிச்சா டிக் டிக்னு சத்தம். பாட்டம் பிராக்கெட்தானே?

எல்லாரும் அதைத்தான் சந்தேகப்படுகிறார்கள், கழற்றக் கடினமானதும் அதுவே. அதனால் கடைசியில் வையுங்கள். முதலில் பெடல்கள்: கழற்றி, மரையில் கிரீஸ் தடவி முறுக்குங்கள். இடப் பெடல் இடமரை என்பது நினைவிருக்கட்டும். அடுத்து செயின்ரிங் போல்ட்டுகள், குயிக் ரிலீஸ், ஹேங்கர் போல்ட், ஸ்டெம்மின் முன்மூடி. ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்து, கிரீஸ் வைத்து, ஒன்றை முடித்ததும் ஓட்டிப் பாருங்கள். மொத்தமாகச் செய்தால் எது காரணம் என்று தெரியாமலே போகும்.

உட்கார்ந்து மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்து, எழுந்தால் நின்றுவிட்டால் அது சீட்டோ சீட்போஸ்டோதான். இரண்டிலும் வந்து, மேலே சொன்ன எதிலும் தீரவில்லையென்றால், அப்போது பாட்டம் பிராக்கெட்டைக் கழற்றுங்கள். பிஎஸ்ஏ என்றால் வலப்பக்கம் கடிகார திசையில்.